வெயிலில் ஆறும் கீறலும் ஆறாத கீறலும்

மதுரை கே.கே. நகரில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு முன் கறுப்பு நிறத்தில் புதிய கார் வாங்கியிருக்கிறார். பைபாஸ் சாலையில் உள்ள ஒரு கடையில், வண்டி முழுவதும் பெயின்டின்மேல் ‘தானே ஆறும்’ தெளிந்த பிளாஸ்டிக் படலம் ஒட்டுவதற்கு 1,20,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கீறல் விழுந்தால் வெயிலில் நிறுத்தினால் போதும், பத்து ஆண்டுகளுக்கு வண்டி கடையிலிருந்து எடுத்தபடியே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கடையில், அதே வேலையைச் செய்யும் திரவப் பூச்சு என்று சொல்லி 30,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். இதற்கிடையே தெற்கு மாசி வீதியில் நிறுத்தியிருந்தபோது ஏதோ ஒரு பைக்கின் கைப்பிடி உரசி, பின்பக்கத்து இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. கடைக்காரர்கள் சொல்வது உண்மையா, இவ்வளவு பணம் போடலாமா, கதவில் ஏற்கெனவே இருக்கும் கோடும் ஆறிவிடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

படலம் தானே ஆறும் என்பது பொய்யில்லை. ஆனால் எது ஆறும் என்பதைக் கடையில் சொல்வதில்லை. அழுந்தியது ஆறும், அறுந்தது ஆறாது. நம் ஊரில் வண்டிகளை அவலட்சணமாக்கும் காயங்களில் பெரும்பகுதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால், ‘தானே ஆறும்’ என்ற சொல்லுக்காக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் படலத்தால் வேறொரு பயன் உண்டு, அது சில இடங்களில் மெய்யாகவே பணம் பெறும். அதைப் பின்னால் சொல்கிறேன். வாகனத் தொழிற்சாலை ஒன்றின் பெயின்ட் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது நாகமலைப் புதுக்கோட்டையில் இருக்கிறேன். படலமோ பூச்சோ விற்பவர்களோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

முதலில் வண்டியின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டைப் பாஸ்பேட் கரைசலில் கழுவிய பின், மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு ஏறக்குறைய 20 மைக்ரான். அதன்மேல் சமன்படுத்தும் பிரைமர் 30 மைக்ரானை ஒட்டி. அதன்மேல் நிறம் தரும் பூச்சு 15 மைக்ரான் அளவு. எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும், நிறமே இல்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான் என்பதையும், தலைமுடி ஒன்றின் தடிப்பே 70 மைக்ரானை ஒட்டியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பதினைந்து லட்ச ரூபாய் வண்டியின் அழகு முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஏட்டில் நிற்கிறது என்பது விளங்கும். நாம் ‘கோடு விழுந்துவிட்டது’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கிளியர் கோட்டுக்குள் நடப்பவைதான்.

கோடு என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு காரியங்கள் நடக்கலாம். மென்மையாக ஏதேனும் உரசும்போது, கிளியர் கோட்டின் பிசின் எங்கும் போய்விடாமல் பள்ளமாக அழுந்தி, இரு ஓரங்களிலும் சற்றே மேடிட்டு நிற்கும். வெளிச்சம் அந்தப் பள்ளத்தில் சிதறுவதால் நமக்கு அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கூர்மையான ஒன்று அழுத்தமாகப் போனால், பிசின் அறுந்து, துருவிய தேங்காய்போல் பெயர்ந்து வெளியே போய்விடும். இங்கே பொருளே குறைந்துவிட்டது. மூன்றாவது, கல் தெறித்து அடிக்கும்போது நிகழ்வது: பூச்சு சில்லுச் சில்லாக இரும்புவரை பெயர்ந்து வரும். தானே ஆறும் பொருள் எதுவானாலும் முதல் வகைக் காயத்தில்தான் தன் வித்தையைக் காட்டும். இரண்டாவதில் அரைகுறையாகச் செய்யும். மூன்றாவதில் ஒன்றும் செய்யாது.

காரணம் எளிது. சாதாரண கிளியர் கோட், வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் இறுகப் பின்னிய பிசின். அழுந்தினால் அழுந்தியபடியே உறைந்து நின்றுவிடும். ஆறும் வகைப் பிசினில் பின்னல் சற்றுத் தளர்வாகவும், சங்கிலிகள் ரப்பர்போல் சுருண்டு நீளக்கூடியவையாகவும் இருக்கும். அழுந்திய இடத்தில் சங்கிலிகள் இழுபட்டு நிற்கின்றன. சூடு பட்டதும் இளகி, தம் பழைய சுருளுக்கே திரும்பப் பார்க்கின்றன. பின்னல் அறாமல் இருப்பதால் எங்கே திரும்ப வேண்டும் என்பது அவற்றுக்கு மறப்பதில்லை. நம் ஊரில் இதற்கு உவமை தேடிப் போக வேண்டியதில்லை. பரோட்டாக் கடையில் நன்றாக அடித்துப் பிசைந்து உருட்டிவைத்த மாவின்மேல் விரலை அழுத்திவிட்டுப் பாருங்கள். குழி மெல்ல மெல்ல மேலே வரும். அதே உருண்டையைக் கத்தியால் கீறினால் கீறியது கீறியதுதான்; ஒரு துண்டைப் பிய்த்து எடுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப மாவு எங்கிருந்தும் ஊறி வராது.

ஆய்வகத்தில் இதைவிடத் துணிச்சலான முயற்சிகள் நடந்திருக்கின்றன என்பதும், செய்தித்தாள்களில் வருபவை பெரும்பாலும் அவைதான் என்பதும் உண்மை. அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் வைட், நான்சி சோட்டோஸ் ஆகியோரின் குழு 2001-இல், பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளில் திரவத்தை அடைத்துவைத்து, விரிசல் ஓடும்போது உறை உடைந்து திரவம் கசிந்து, உள்ளே தூவிய வினையூக்கியோடு சேர்ந்து இறுகுமாறு செய்து காட்டியது. ‘தானே ஆறும்’ என்ற சொல் பரவலானது பெரிதும் அதற்குப் பிறகுதான். ஆனால் ஓர் உறை ஒருமுறைதான் உடையும். அதே இடத்தில் மறுபடி விரிசல் விட்டால் கசிவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2009-இல் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் மாரெக் அர்பனும் அவருடைய ஆய்வாளரும், இறால் நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கோடு பிணைத்து, புற ஊதா ஒளி பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கீறல் மூடிக்கொள்ளும் பூச்சு ஒன்றை வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் 2021-இல் கொல்கத்தா ஐசர், கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் உடைந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் படிகம் ஒன்றைக் கண்டுபிடித்த செய்தி வந்தபோது, இனி பட்டறைக்கே போக வேண்டாமா என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அந்தப் படிகத்துக்கும் கார் பெயின்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

உண்மையில் காருக்கு வந்து சேர்ந்தது, மேலே சொன்ன பரோட்டா மாவு வழிதான். நிசான் நிறுவனம் 2005 இறுதியில் கீறல் ஆறும் கிளியர் கோட் ஒன்றை அறிமுகம் செய்தது. சிறு கோடுகள், ஆழத்தையும் சுற்றுச் சூட்டையும் பொறுத்து, ஒரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் மறையும் என்றும், இந்தத் தன்மை ஏறக்குறைய மூன்று ஆண்டு நிற்கும் என்றும் அந்நிறுவனமே சொன்னது. பத்து ஆண்டு என்று நம் கடையில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று ஆண்டுக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு வேறு பொருள் என்றாலும், செய்தவர்களே அவ்வளவு அடக்கமாகப் பேசியது கவனிக்கத்தக்கது. பிறகு டோயோட்டா தன் லெக்சஸ் வண்டிகளில் இதே போக்கில் ஒரு பூச்சைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் மின்காரின் முகப்புக் கிரில்லில், அறைச் சூட்டிலேயே ஒரு நாளில் அல்லது சூடான காற்றை ஐந்து நிமிடம் காட்டினால் சிறு கீறல் மறையும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கிறது. அந்தக் கிரில்லுக்குப் பின்னால் உணர்விகள் (சென்சார்கள்) இருப்பதால், அங்கே கீறல் இல்லாமலிருப்பது வெறும் அழகுக்காக மட்டுமல்ல.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கோஸோ இட்டோவின் ஆய்வகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. பாலிரொடாக்சேன் என்ற மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்தது அது. அம்மன் சன்னதிப் பக்கத்துக் கடைகளில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் வளையல்களை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஒரு நீண்ட மூலக்கூறு, வளையல்கள் மாவுப்பொருளிலிருந்து செய்த வளைய மூலக்கூறுகள், வளையல் கழன்று விழாதபடி கயிற்றின் இரு முனையிலும் முடிச்சு. இப்போது ஒரு கயிற்றின் வளையலையும் பக்கத்துக் கயிற்றின் வளையலையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், இரண்டு கயிறுகளும் பிணைந்தும் இருக்கும், வழுக்கியும் கொடுக்கும். ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தால் பிணைப்புகள் நகர்ந்து அந்தச் சுமையை எல்லாக் கயிறுகளுக்கும் பங்கிட்டுவிடுவதால், எதுவும் அறுவதற்கு முன் வளைந்துகொடுத்து மீள முடிகிறது. நிசான் 2012-இல் கைப்பேசி உறை ஒன்றிலும் இதைப் போட்டுக் காட்டியது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. மெர்சிடிஸ் 2003 இறுதியில், கிளியர் கோட்டுக்குள் மிக நுண்ணிய பீங்கான் துகள்களைச் சேர்த்து மேற்பரப்பையே கடினமாக்கியது. கீறல் ஆற வேண்டாம், விழாமலே இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். கடினமாக்கினால் கீறல் குறையும், ஆனால் விழுந்த கீறல் நிற்கும். மென்மையாக்கினால் கீறல் ஆறும், ஆனால் பின்னல் தளர்ந்த அளவுக்கு அமிலமும் பெட்ரோலும் பறவை எச்சமும் எளிதில் உள்ளே இறங்கும். இரண்டையும் முழுமையாக ஒரே பூச்சில் பெறுவது எங்கள் தொழிலில் எப்போதும் இழுபறிதான். எல்லாக் கார்களிலும் ஆறும் பெயின்ட் வந்துவிடாததற்கு விலையோடு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

இனி கடைக்கு வருவோம். அங்கே விற்பது இந்தப் பெயின்ட் அல்ல, பெயின்டின்மேல் ஒட்டும் தெளிந்த படலம், பிபிஎஃப் என்பார்கள். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் தூசியும் அரிக்காமலிருக்க 3எம் நிறுவனம் செய்துகொடுத்த படலத்தின் வாரிசு இது. நல்ல படலம் என்பது டிபியு எனப்படும், நீட்டினால் நீண்டு விட்டால் சுருங்கும் பாலியூரித்தேனால் ஆனது. 150 முதல் 200 மைக்ரான் தடிப்பு. கீழே பசை, மேலே மிக மெல்லிய ஆறும் பூச்சு. கவனியுங்கள், ஆறுகிற பகுதி அந்த மேலேடு மட்டுமே. ஆனால் படலத்தின் தடிப்பு, கிளியர் கோட்டைப்போல நான்கைந்து மடங்கு. கல் வந்து அடித்தால் அடியை வாங்கிக்கொண்டு அமுங்கிக் கொடுப்பது அந்தத் தடிப்புதான். சாவி இழுபட்டால் பெயின்டுக்குப் பதிலாகத் தான் அறுபடுவதும் அதுதான். ஆகவே படலத்தின் உண்மையான மதிப்பு அது தடித்த ஒரு தோல் என்பதில் இருக்கிறது. கடையில் வெந்நீர் ஊற்றிக் காட்டுகிற வித்தை உபரி.

அந்த வித்தையை நானும் வீட்டில் செய்து பார்த்தேன். தெரிந்த பட்டறையில் மிச்சம் விழுந்த படலத் துண்டு ஒன்றைப் பழைய கறுப்பு மட்கார்டில் ஒட்டி, பாதியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன்; இன்னொரு பாதியில் வீட்டுச் சாவியை, பகைகொண்டவன் இழுப்பதுபோல் ஒரே இழுப்பாக இழுத்தேன். தூரிகை பட்ட இடம் பனி படர்ந்ததுபோல் வெளுத்துப்போயிற்று. காபிக்குக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றியதும், வெளுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்து, துணியால் ஒற்றி எடுப்பதற்குள் கறுப்புத் திரும்பிவிட்டது. முதல்முறை பார்ப்பவருக்கு மாயம் போலத்தான் இருக்கும். சாவிக் கோட்டில் இரண்டு பக்கத்து மேடுகள் மட்டும் சற்றுத் தணிந்தன. கோடு அங்கேயே இருந்தது, நகத்தை வைத்தால் தடுக்கியது. படலத்தை உரித்துப் பார்த்தபோது அடியில் பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் தூரிகையோடு நிறுத்திக்கொள்வார். நீங்கள் சாவியையும் கேளுங்கள்.

அழகர்கோவிலில் இதையே குரங்குகள் செய்து காட்டின. என் மைத்துனரின் வண்டியில் பானெட்டுக்கு மட்டும் படலம் ஒட்டியிருந்தது. சித்திரை மாத வெயிலில் கோவிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்குவதற்குள், வாழைப்பழப் பையைப் பார்த்துவிட்ட இரண்டு குரங்குகள் கூரையிலிருந்து கண்ணாடி வழியாகப் பானெட்டில் சறுக்கி இறங்கின. கூரையிலும் பானெட்டிலும் நகக் கோடுகள் வரிவரியாக விழுந்தன. மலையேறிப் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆயிற்று. வந்து பார்த்தபோது பானெட்டில் எட்டு, பத்துக் கோடுகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. அந்த இரண்டும் படலத்தையே கிழித்த கோடுகள். கூரையில் ஒன்றுகூடக் குறையவில்லை. கறுப்பு வண்டியின் பானெட் நம் ஊர் மதிய வெயிலில் 65, 70 டிகிரியை எட்டும் என்பதால் வெந்நீரே தேவையில்லை. ஆறும் பொருளுக்கு மதுரையைவிடத் தோதான ஊர் அதிகம் இருக்காது. ஆனால் கீறலை ஆற்றுகிற அதே வெயில்தான் படலத்தையும் பசையையும் முதுமையாக்குகிறது. அடித்தள நிறுத்தத்திலேயே வண்டி கிடக்குமானால் படலம் நீண்ட நாள் உழைக்கும், கீறல் ஆற அதிக நாள் பிடிக்கும். தெருவில் நின்றால் எல்லாமே விரைவில் நடக்கும்.

இப்போது நம் ஊரில் வண்டிக்கு என்னென்ன நேர்கிறது என்று பார்க்கலாம். மாசி வீதிகளிலும் கீழவாசல் பக்கமும் பைக் கைப்பிடி, ஸ்டாண்டு, மீன்பாடி வண்டியின் கம்பி, இவற்றால் வருபவை எல்லாம் அறுத்த காயங்கள். கூடவே தகடு சொட்டை விழுந்திருந்தால் எந்தப் படலமும் அதை நிமிர்த்தாது. மேலூர் வழியாக நான்குவழிச் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் போனால் பானெட்டின் முன்விளிம்பிலும் பம்பரிலும் கல் தெறிக்கும். இங்கே ஆறும் தன்மை பயன்படாது, தடிப்பு பயன்படும். ஆழ்குழாய்த் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டால் படியும் வெள்ளை உப்புத் திட்டுக்கு ஆறும் படலமும் ஆறாத படலமும் ஒன்றுதான். வேப்ப மரத்தடியில் விழும் காக்கை எச்சம், அமிலத்தால் அரிப்பதோடு, காய்ந்து சுருங்கும்போது வெயிலில் இளகிய மேற்பரப்பையும் சேர்த்து இழுத்துத் தழும்பாக்கும். படலத்தில் அந்தத் தழும்பு லேசானதாயிருந்தால் சூட்டில் தணியும், நாட்கணக்கில் விட்டுவிட்டால் தணியாது.

மிஞ்சியிருப்பது ஒன்று, அதுதான் கறுப்பு வண்டிக்கு முதல் எதிரி, அதுதான் படலம் மெய்யாகவே ஆற்றக்கூடியதும். அடுக்குமாடி வாசலில் விடியற்காலை ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாக இருபது வண்டிகளைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பதினைந்தாவது வண்டியில் அந்தத் துணி துணியாக இருப்பதில்லை, உப்புத்தாளாக இருக்கிறது. நம் வட்டாரத்துத் தூசியில், குறிப்பாகக் கிரானைட் வெட்டும் பகுதிகளை அடுத்து, குவார்ட்ஸ் உண்டு. அது கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது, கிளியர் கோட் அதற்கு எம்மாத்திரம். ஒவ்வொரு நாளும் உலர்ந்த தூசிமேல் துணியைச் சுழற்றுவதால், ஓராண்டில் பானெட் முழுவதும் சிலந்தி வலைபோல வட்ட வட்டமான கோடுகள் நிறைந்துவிடும். வெள்ளை வண்டியில் தெரியாது, கறுப்பில் தெருவிளக்கு பட்டாலே தெரியும். இவை பெரும்பாலும் அழுந்திய மெல்லிய கோடுகள், படலத்தின் மேலேடு இவற்றை நன்றாகவே ஆற்றும். ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்து ஆற்ற வேண்டிய இந்தக் காயத்தை, துடைப்பவரிடம் முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு வீட்டுத் துணியால் துடைக்கச் சொல்லி, மாதம் இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலே பெருமளவு தவிர்க்கலாம். இந்த ஆலோசனையில் யாருக்கும் லாபம் இல்லாததால் இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

முப்பதாயிரம் ரூபாய்த் திரவப் பூச்சைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செராமிக், கிராபீன் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மைக்ரான் தடிப்புதான். அதைவிட ஆழமாகப் போன கோடு கீழே கிளியர் கோட்டில் இருக்கிறது, மேலே இருக்கும் ஏடு ஆறினாலும் ஆறாவிட்டாலும் கோடு தெரியத்தான் செய்யும். அவர்கள் சொல்லும் ‘9ஹெச்’ கடினம் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லையோ சாவியையோ தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கழுவுவது எளிதாகும், எச்சம் உடனே ஒட்டாது. அவ்வளவுதான் அதன் வேலை, அதை அது நன்றாகச் செய்யும். தானே ஆறும் என்று அதைச் சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

பணக் கணக்கு. சென்ற ஆண்டு என் வண்டியின் ஒரு கதவுக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க நல்ல பட்டறையில் 4,500 ரூபாய் கொடுத்தேன். அந்தக் கணக்கில் 1,20,000 ரூபாய்க்கு இருபத்தைந்து பாகங்களுக்கு மேல் அடிக்கலாம். ஒரு காரில் அவ்வளவு பாகங்களே இல்லை. இன்சூரன்ஸ் வழியையும் பலர் யோசிப்பார்கள். ஒரு க்ளெய்ம் போட்டால், முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டில் 50 சதவீதம்வரை ஏறும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விடும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கூடுதல் பாதுகாப்பை எடுக்காதவர்களுக்குப் பெயின்டுப் பொருள் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். சிறு கோடுகளுக்கு அது கட்டுப்படியாகாது. தனியாக அறிவித்துச் சேர்க்காத படலத்துக்குப் பொதுவாக இழப்பீடும் கிடைக்காது. மோதியதில் பம்பரை மாற்றினால் பம்பர் வரும், அதன்மேல் ஒட்டியிருந்த படலம் உங்கள் கைக்காசு. கம்பெனியில் அடுப்பில் சுட்ட பெயின்டுக்குப் பட்டறைப் பெயின்ட் ஈடாகாது என்று ஒரு வாதம் உண்டு; அதை நான் மறுக்கமாட்டேன், அந்தத் தொழிலில் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் அந்த வாதம் அடிபடக்கூடிய இடங்களுக்குத்தான் பொருந்தும், கூரைக்கும் டிக்கி மூடிக்கும் பொருந்தாது.

எனவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் முழு வண்டிக்கும் ஒட்டமாட்டேன். முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடி உறைகள், கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழிவு, சாமான் ஏற்றும்போது உரசும் பின்பம்பரின் மேல்விளிம்பு, இவற்றோடு நிறுத்திக்கொள்வேன். கைப்பிடிக் குழிவைப் பலர் மறந்துவிடுவார்கள். வளையல், மோதிரம், நகம் பட்டு அங்கே விழும் நுண்கோடுகள் அத்தனையும் அழுந்திய வகைதான், இந்தப் பொருள் பிறந்ததே அந்த இடத்துக்காக என்று சொல்லலாம்.

ஒட்டுவது என்று முடிவு செய்தால், டிபியு என்று சொல்லி மலிவான பிவிசி படலத்தைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள், பிவிசி நீண்டபடியே தொங்கும், டிபியு திரும்பச் சுருங்கும். பிவிசியைத் திறந்த வெயிலில் வைத்தால் மஞ்சளாகி மொறமொறப்பதைப் பார்க்க அதிக காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அளவைக் கணினியில் வெட்டி எடுத்து வந்து ஒட்டுகிறார்களா, அல்லது வண்டியின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுகிறார்களா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். பிளேடு ஒருமுறை தவறினால், எந்தக் கீறலைத் தடுக்கப் பணம் கொடுத்தீர்களோ அதையே படலத்துக்கு அடியில் பெற்றுக்கொண்டு வருவீர்கள். என் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது, மூன்றாண்டு கழித்துப் படலத்தை உரித்தபோதுதான் தெரிந்தது. உத்தரவாதக் காகிதத்தில் பத்து ஆண்டு என்று இருந்தாலும் அது மஞ்சளாவதற்கும் உரிவதற்கும் வெடிப்பதற்கும்தான், கீறலுக்கு இருக்காது. வாட்டர் வாஷில் பீச்சும் குழாயை ஓரங்களுக்கு அருகில் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

கடைசியாக அந்தக் கதவுக் கோடு. தொழிற்சாலையில் அடித்த சாதாரண கிளியர் கோட்டில் விழுந்த கோடு எவ்வளவு வெயிலில் நிறுத்தினாலும் ஆறாது. மேலே படலம் ஒட்டுவதாலும் ஆறாது. கதவைக் கழுவித் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால், பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரானைத் தின்னும் என்பதால் அந்தக் கோட்டை மட்டும் கையால் செய்யச் சொல்லுங்கள், வண்டி முழுவதும் மெஷின் ஓட்ட விடாதீர்கள். நகம் தடுக்கினால் டச்சப் பெயின்ட் வைத்து நிரப்ப வேண்டும். உள்ளே சாம்பல் நிறமோ இரும்போ தெரிந்தால் மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். கதவு முழுவதையும் பட்டறையில் அடிக்கும்படி ஆகிவிட்டால், கரைப்பான் முழுவதும் வெளியேற ஒரு மாதமாவது விட்டுவிடுங்கள், அதன்பிறகும் அந்தக் கதவில் படலம் ஒட்டுவதற்கு நான் யோசிப்பேன்; என்றாவது படலத்தை உரிக்கும்போது கம்பெனிப் பெயின்ட் தாங்கும், பட்டறைப் பெயின்ட் சில சமயம் படலத்தோடு சேர்ந்து வந்துவிடும்.